போஸ்டரில் கண் முதலில் எங்கே போகணும்? வடிவமைப்பின் அடிப்படைகளை எப்படிக் கற்பது?

பனங்காட்டான் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனராக இருக்கிறேன். கோரல்டிரா, போட்டோஷாப் இரண்டும் கைக்குப் பழகியவை. நோட்டீஸ், பேனர், கல்யாணப் பத்திரிகை, பேக்கரி லேபிள் என்று எது வந்தாலும் போட்டுக் கொடுப்பேன். ஆனால் இதுவரை கற்றதெல்லாம் டூல்தான். இந்த எழுத்து ஏன் மேலே, இந்தப் படம் ஏன் வலது பக்கம் என்று கஸ்டமர் கேட்டால் “பார்க்க நல்லா இருக்குங்க” என்பதைத் தாண்டிச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. அந்தக் காரணங்களைப் படிக்க ஆசை.

இப்போது மேஜையில் இருக்கும் வேலையையே உதாரணமாக வைக்கிறேன். வாலிபால் போட்டிக்கு 20 அங்குலம், 30 அங்குலம் போஸ்டர். பொள்ளாச்சிப் பக்கத்து டீமும் வரும், சித்தூர்ப் பக்கத்து டீமும் வரும், அதனால் தமிழும் மலையாளமும் வேண்டும். கமிட்டி கொடுத்தவை: ஸ்மாஷ் அடிக்கிற வீரர் படம், நிர்வாகிகள் 14 பேர் படம், மூன்று பரிசுத் தொகை, நாள், நேரம், மைதானம், அடியில் ஸ்பான்சர் பட்டை. சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, அதற்கு வெள்ளை அவுட்லைன், அப்புறம் நிழல். எல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஆனால் கடைக்கு எதிர்த்த பக்கம் நின்று பார்த்தால் எதுவுமே படிக்க முடியவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்? வகுப்பா, புத்தகமா, வீட்டிலேயே பயிற்சியா?

வரைகோல் (பாலக்காடு)

தம்பி, நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். போஸ்டர் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்டது பள்ளிக்கூட ஓவிய வகுப்பிலேயே சொல்லித் தர வேண்டிய விஷயம்.

முதலில் கம்ப்யூட்டரை மூடுங்கள். ஒரு தாளில் தீப்பெட்டி அளவுக்கு ஏழெட்டுக் கட்டம் போடுங்கள், உங்கள் போஸ்டரின் அதே விகிதத்தில். பென்சிலால் கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றை மட்டும் வைத்து, எங்கே பெரிய கறுப்புத் திட்டு, எங்கே வெளிச்சம் என்று பிரித்துப் பாருங்கள். எழுத்து வேண்டாம், கோடு போதும். வீரர் ஒரு திட்டு, தலைப்பு ஒரு திட்டு, மற்றதெல்லாம் சேர்ந்து இன்னொரு திட்டு. அந்தச் சின்னக் கட்டத்திலேயே எது முக்கியம் என்று தெரியவில்லை என்றால் முப்பது அங்குலத்துக்குப் பெரிதாக்கினாலும் தெரியாது.

அதைப் போடுவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்த போஸ்டரைப் பார்க்கப் போகிறவர் பைக்கில் போகிறவர். அவர் கண்ணில் எது முதலில் பட வேண்டும், எது இரண்டாவது, எது நின்று படிக்கிறவருக்கு மட்டும்? என்னைக் கேட்டால் வாலிபால் என்ற செய்தியும் வீரர் படமும் முதலில். நாளும் மைதானமும் அடுத்தது. பரிசு, தொலைபேசி எண், ஸ்பான்சர் எல்லாம் கடைசி. இந்த வரிசை உங்கள் மனசில் உறுதியானால் அளவு, நிறம், இடம் எல்லாமே அதற்குக் கீழ்ப்படியும். சமநிலை, கான்ட்ராஸ்ட் (வேறுபாடு எடுப்பாகத் தெரிவது) என்று பாடப்புத்தகம் பட்டியல் போடுகிறதே, அவையெல்லாம் இந்த வரிசையைக் கண்ணுக்குக் காட்டுகிற வழிகள். நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் துணிந்து இருக்கட்டும். எழுத்தின் அளவு தலைப்புக்கு 60 பாயின்ட், நாளுக்கு 50 பாயின்ட் என்றால் கண் தடுமாறும். மூன்று மடங்கு வைத்துப் பாருங்கள்.

பனங்காட்டான்

நன்றி மாஷே (ஆசிரியரே). கட்டம் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் கமிட்டிக்காரர்களுக்கு முதலில் கண்ணில் பட வேண்டியது அவர்கள் படம். அதுதான் எனக்குத் தலைவலி.

சித்தூர் செல்வி

கமிட்டி விஷயத்துக்கு அப்புறம் வருவோம். நான் ஆப், வெப்சைட் டிசைன் செய்கிறேன். உங்கள் சிவப்பு மஞ்சளைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் நிறத்தைத்தான் குறை சொல்வார்கள். அங்கே குறை நிறத்தில் இல்லை.

இணையத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் பார்க்கிற விதி உண்டு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. அச்சுக்கு இது அப்படியே பொருந்தாது, ஆனால் கண் பழக உதவும். முழுச் சிவப்பின் மேல் முழு மஞ்சள் வைத்தால் ஏறக்குறைய 3.7:1 வரும். பெரிய தலைப்புக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே 1.1:1 கூட வராது. அதாவது மஞ்சள் எழுத்தைச் சுற்றி வெள்ளை அவுட்லைன் போட்ட உடனே எழுத்தின் ஓரம் கரைந்து, எழுத்து தடித்து, உள்ளே இருக்கிற சின்ன வெளிகள் அடைபட்டுப்போகின்றன. மலையாளத்தில் சுழி அதிகம் என்பதால் அங்கே பாதிப்பு இன்னும் கூடுதல். தமிழில் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ மூன்றையும் உற்றுப் பாருங்கள், புரியும். அவுட்லைனையும் நிழலையும் எடுத்துவிட்டு ஒரு பிரிண்ட் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

டிசைனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கிற பழக்கமும் வேண்டும். நிறத்தில் வேறாகத் தெரிகிற இரண்டு, சாம்பலில் ஒன்றாகிவிட்டால் தூரத்திலும் ஒன்றாகத்தான் தெரியும்.

அடுத்தது, எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பது. 1923-ல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர், புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே, கண் எவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கிறது என்று ஒரு கட்டுரையில் காட்டினார். அருகருகே இருப்பவை ஒன்று சேரும். ஒரே மாதிரி இருப்பவை ஒன்று சேரும். ஒரே போக்கில் போகிறவை ஒன்று சேரும். இதை உங்கள் போஸ்டரில் வைத்துப் பாருங்கள். நாள் எங்கே, நேரம் எங்கே, மைதானம் எங்கே? ஓரத்துக்கு ஒன்றாக இருந்தால் படிக்கிறவர் மூன்றையும் தேடிப் பொறுக்க வேண்டும். மூன்றையும் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, அந்தக் கூட்டத்தைச் சுற்றிக் காலி இடம் விட்டால் பெட்டி, பார்டர் எதுவும் தேவைப்படாது.

எல்லாவற்றையும் நடுவில் வைக்கிற வழக்கத்தையும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள் அண்ணா. நீளம் கூடிக் குறைந்த தமிழ் வரிகளை நடுவில் வைத்தால் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி ஆகிவிடும். இடது ஓரத்தில் எல்லா வரியும் ஒரே கோட்டில் தொடங்கினால், போடாத ஒரு கோடு அங்கே தெரியும்.

கரிம்பனை (வேலந்தாவளம்)

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, மரியாதையோடு சொல்கிறேன். காலி இடம் விடு, குறைவாக வை என்று எல்லா டிசைன் வகுப்பும் சொல்கிறது. இது ஐரோப்பாவில் ஒரு காலத்து ரசனை. நம் கோபுரத்தில் காலி இடம் எங்கே? கேரளச் சுவரோவியத்தில் ஒரு விரல் அளவு இடம் சும்மா இருக்கிறதா? திருவிழா போஸ்டர் நிறைந்து இருந்தால்தான் நம் ஊர்க்காரனுக்குத் திருவிழா மாதிரி இருக்கும். நம்முடைய கண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

வரைகோல்

கரிம்பனை கேட்டதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் நம் ஊரில் டிசைன் கற்பிக்கவும் முடியாது.

சுவரோவியத்தையே எடுத்துக்கொள்வோம். பத்மநாபபுரம் அரண்மனையிலும் மட்டாஞ்சேரி அரண்மனையிலும் இருப்பவற்றை நேரில் நின்று பார்த்திருக்கிறேன். இடம் நிறைந்துதான் இருக்கும், உண்மை. ஆனால் பார்த்ததும் கண் எங்கே போகிறது? நேராக நடுவில் இருக்கிற தெய்வத்திடம். மற்ற உருவங்களைவிட அது பல மடங்கு பெரிது. உடல் ஒரே நிறத்தில் பரந்த திட்டாக இருக்கும், சுற்றியிருக்கும் அணிகலனும் கொடியும் பூவும் மட்டும் நுணுக்கமாக இருக்கும். அந்தப் பரந்த ஒற்றை நிறத் திட்டுதான் அங்கே காலி இடத்தின் வேலையைச் செய்கிறது. கண் அதில் போய் உட்காருகிறது.

நிறமும் ஐந்துதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. அதிலும் மரபு உண்டு: சாத்விக (அமைதியான, தூய) குணத்துக்குப் பச்சை, ராஜச (வேகமும் ஆளுமையும் உள்ள) குணத்துக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும். கதகளியில் நல்ல நாயகர்களுக்குப் பச்சை வேஷம் வருவதும் இதே வழிதான். மேடையில் எத்தனை பேர் நின்றாலும் யார் யார் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆக, நிறைவு ஒரு குற்றமில்லை. ஒழுங்கு இல்லாத நிறைவுதான் கண்ணைக் குழப்புகிறது. 14 நிர்வாகிகளும் வீரரும் ஒரே அளவில் இருந்தால் அந்தச் சுவரில் தெய்வமே இல்லை என்று அர்த்தம்.

ஐரோப்பா என்று சொன்னதற்கும் ஒரு வார்த்தை. 1919-ல் ஜெர்மனியில் தொடங்கி 1933-ல் மூடப்பட்ட பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிலிருந்து இந்தப் பாடங்களில் பலவும் வந்தன, சரி. அங்கே ஆரம்ப வகுப்பு எடுத்த யோஹன்னஸ் இட்டன், நிற கான்ட்ராஸ்டை ஏழு வகையாகப் பிரித்துச் சொன்னார். ஆனால் அந்தப் பள்ளிக்காரர்களின் படைப்புகள் 1922-லேயே கல்கத்தாவில் நம் ஓவியர்களின் படைப்புகளோடு சேர்ந்து காட்சிக்கு வந்திருக்கின்றன. நம் பக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை 1966-ல் தொடங்கியவர். சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் மலையாள எழுத்து போன்ற வடிவங்களால் கித்தானை நிரப்பினார். அவ்வளவு எழுத்து நிறைந்தும் அதில் கண்ணுக்கு வழி இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்த விஷயம் இது.

குருவாயூர் தேவஸ்வத்தின் சுவரோவியப் பள்ளி 1989-லிருந்து நடக்கிறது. பனங்காட்டான் தம்பி, அந்தப் பக்கம் போகும்போது கோயில் சுவரோவியத்தைப் பென்சிலோடு பாருங்கள். நகல் எடுக்க வேண்டாம். பெரிய திட்டுகள் எங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரிம்பனை

ஏற்றுக்கொள்கிறேன் மாஷே. உடல் ஒரே நிறத் திட்டாக இருக்கும் என்பதை இதுவரை இப்படி யோசித்ததில்லை.

அதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். எங்கள் தெருவில் ஓணத்துக்கு அத்தப்பூக்களமும் போடுவார்கள், மார்கழியில் புள்ளிக் கோலமும் போடுவார்கள். பூக்களம் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வளரும். கண் நடுவுக்குப் போய்த் திரும்பும். புள்ளிக் கோலத்தில் முதலில் புள்ளிச் சட்டகம் வந்துவிடுகிறது, கோடு அதற்குள் ஓடுகிறது. டிசைனர்கள் கிரிட் என்று சொல்வது இந்தப் புள்ளிதானே?

சித்தூர் செல்வி

அதேதான் அண்ணா. கோலம் முடிந்தபின் புள்ளியைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் கோடு ஒழுங்காக வராது. பனங்காட்டான் அண்ணா, போஸ்டரை அகலத்தில் ஆறு பத்தியாகப் பிரித்து கைடுலைன் (அச்சில் வராத வழிகாட்டிக் கோடு) போடுங்கள். படம் நான்கு பத்தி, எழுத்து இரண்டு பத்தி. இல்லை, படம் மூன்று, எழுத்து மூன்று. எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் எல்லாம் அந்தக் கோடுகளில் தொடங்கி அந்தக் கோடுகளில் முடியட்டும்.

கல்பாத்தி கேமரா

படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்மாஷ் அடிக்கிற வீரரை நடுவில் நிறுத்தி, சுற்றி எழுத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை மாற்றுங்கள்.

சட்டகத்தை நெடுக்கில் மூன்றாகவும் குறுக்கில் மூன்றாகவும் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மேல் வைக்கச் சொல்வார்கள். 1797-லேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக் காட்சி வரைவது பற்றி எழுதும்போது, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிரிப்பதை ஒரு விதியாகச் சொன்னார். போன் கேமராவில் கிரிட் போட்டால் வருவதும் அதே கட்டம்தான். ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்பாத்தி அக்ரகாரத் தெருவை எடுக்கும்போது நான் நடுவில்தான் நிற்பேன். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள், திண்ணைக் கோடும் ஓட்டுக் கூரைக் கோடும் நேராக ஓடிக் கண்ணைத் தெருக்கோடிக்கு இழுத்துப் போகும். அங்கே சமச்சீர்தான் அழகு. அதே ஊரில் வயல் நடுவே நிற்கிற ஒற்றைக் கரிம்பனை மரத்தை (பனைமரத்தை) எடுத்தால் ஓரத்துக்குத் தள்ளுவேன், மிச்சம் முழுக்க மலையும் வானமும். மரத்தின் கனத்தை அந்தப் பரந்த வானம் தாங்கிப் பிடிக்கும். சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் வீரருக்கு வருகிறேன். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார்? பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள், தலைப்பை அங்கே வையுங்கள். மனிதர் பார்க்கிற திசையில் நம் கண்ணும் போகும். அவர் போஸ்டருக்கு வெளியே பார்த்தால் நம் கண்ணும் வெளியே போய்விடும். அப்புறம், முழு உடம்பும் வேண்டாம். இடுப்புக்கு மேல் வெட்டி, ஓங்கிய கை, முகம், பந்து மூன்றையும் பெரிதாக்குங்கள். மணிக்கட்டிலோ முழங்காலிலோ வெட்டாதீர்கள், கை கால் துண்டான மாதிரி தெரியும். பந்து முழுசாக இருக்கட்டும், கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் இருக்கட்டும். அந்த இடைவெளியில்தான் அடுத்த நொடி அடி விழப் போகிறது என்ற வேகம் இருக்கிறது.

பனங்காட்டான்

தங்க விகிதம், 1.618 என்கிறார்களே, அதையும் படிக்கணுமா?

கல்பாத்தி கேமரா

இப்போதைக்கு வேண்டாம். ஒரு படத்தை எடுத்து முடித்தபின் மேலே சுருள் வரைந்து பொருத்திக் காட்டுவது சுலபம். எடுக்கும்போது அது எனக்கு உதவியதே இல்லை. நீங்கள் தினமும் தொடுகிற ஏ4 தாளின் விகிதம்கூட 1:1.414தான். பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது என்பதற்காக வைத்தது.

அச்சுக்கோப்பு

இரண்டு மொழிப் போஸ்டர் என்றதும் நான் வந்துவிட்டேன். எல்லை ஊர்களில் அதிகம் கெடுவது இங்கேதான்.

தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா என்று இரண்டு பழைய எழுத்துருக்களை வைத்து வேலை பார்க்கிற கடைகள் இன்னும் நிறைய. தனித்தனியாக அவை சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் நிற்கும். ஒரே பாயின்ட் அளவு கொடுத்தாலும் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத் தெரியும். அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள். தமிழில் ‘க’வின் உயரத்தையும் மலையாளத்தில் அதே ‘க’வின் உயரத்தையும் கைடுலைன் வைத்துச் சமமாக்குங்கள். கோடு தடிப்பையும் கண்ணால் ஒப்பிடுங்கள்.

ஒரே குடும்பமாக வரைந்த யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்துருக்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. தலைப்புக்கு பலூ தம்பி தமிழுக்கும், பலூ செட்டன் மலையாளத்துக்கும். இரண்டும் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு வடிவமைத்தவை, தடிப்பு ஒத்துப்போகும். சின்ன எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் இரண்டு மொழியிலும் இருக்கிறது. மலையாளம் மட்டும் என்றால் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழுவின் மஞ்சரி எழுத்துரு அழகு. உங்கள் கோரல்டிரா பழைய பதிப்பாக இருந்தால் யூனிகோடில் கொம்பும் கூட்டெழுத்தும் உடைந்து வரலாம். வேறு மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வளைகோடாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிய பிடிஎஃப்பைக் கொண்டுவாருங்கள்.

வரி இடைவெளியில் கவனம். மலையாளத்தில் 1971-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பாணி எழுத்துருவை எடுத்தால் கூட்டெழுத்துகள் கீழே அடுக்காக இறங்கும். தமிழுக்கு வைத்த இடைவெளியில் அவை அடுத்த வரியின் தலையில் இடிக்கும். தமிழிலோ சொல் நீளமாக ஓடும். “மின்னொளி வாலிபால் போட்டி” என்பதை ஒரே வரியில் அடைக்க எழுத்தை அகலத்தில் நசுக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் தடிப்பு மாறி, எழுத்து நோயாளி போல ஆகிவிடும். இரண்டு வரியாக்குங்கள்.

எந்த மொழி மேலே என்ற சண்டையும் வரும். ஒன்று தமிழ் மேலே இருக்கட்டும், ஆனால் இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். இல்லையென்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒட்ட ஒன்று, அந்தப் பக்கம் ஒட்ட ஒன்று என்று இரண்டு போஸ்டர். அச்சுச் செலவு ஒத்துவந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு மொழி என்றால் தலைப்பு இரண்டு மடங்கு பெரிதாகும்.

பனங்காட்டான்

சின்னக் கட்டங்கள் போட்டேன், அதில் ஒன்றை எடுத்துப் புதிதாகச் செய்திருக்கிறேன். பின்னணி கருநீலம். வீரர் இடது பக்கம், இடுப்புக்கு மேலே, வலது பக்கம் மேலே பார்க்கிறார். பந்து வலது மேல் மூலைக்குக் கொஞ்சம் உள்ளே. அதன் கீழே தலைப்பு மஞ்சளில், அவுட்லைன் இல்லை, நிழல் இல்லை. தமிழ் இரண்டு வரி, மலையாளம் இரண்டு வரி, இடது ஓரம் ஒரே கோடு. நாள், நேரம், மைதானம் ஒரே கூட்டமாக வெள்ளையில். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன். வீரரும் தலைப்பும் நிற்கின்றன.

14 படம் மட்டும் இன்னும் கீழே நெரிசலாக இருக்கிறது. எடுக்கச் சொல்ல என்னால் முடியாது.

சித்தூர் செல்வி

எடுக்க வேண்டாம். வரிசைப்படுத்துங்கள். 14 படமும் வேறு வேறு போனில் எடுத்தவை, ஒருத்தர் தலை பெரிது, ஒருத்தருக்கு மாலை, ஒருத்தருக்குப் பின்னால் ஜன்னல். பின்னணியை எல்லாம் வெட்டி ஒரே நிறம் கொடுங்கள். தலையின் அளவைச் சமமாக்குங்கள். எல்லார் கண்ணும் ஒரே மட்டக் கோட்டில் வரட்டும். அப்புறம் படங்களை லேசாக நீலச் சாயலில் மாற்றினால் 14 பேரும் சேர்ந்து ஒரே பட்டையாகிவிடுவார்கள். வெர்தைமர் சொன்ன, ஒரே மாதிரி இருப்பவை ஒன்று சேரும் என்பது இதுதான். யாரும் விடுபடவில்லை, வீரரோடு போட்டியும் போடவில்லை.

கமிட்டியிடம் விதி எல்லாம் பேசாதீர்கள். பழையதையும் புதியதையும் பிரிண்ட் எடுத்து, கடைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி, அவர்களை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐஐடி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளி நடத்துகிற டிசோர்ஸ் தளத்தில் அடிப்படைப் பாடங்கள் இலவசம், ஆங்கிலத்தில்தான், ஆனால் படம் நிறைய. முழுநேரப் படிப்பு என்றால் திருச்சூரில் அரசு நுண்கலைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-லிருந்து இருக்கிறது. வேலையை விட முடியாது என்றால், நீங்கள் தினமும் செய்கிற நோட்டீஸில் ஒன்றை எடுத்து, கஸ்டமருக்குக் கொடுத்தபின் உங்களுக்காக இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு வாரம் கறுப்பு மட்டும், ஒரு வாரம் ஒரே எழுத்துரு, ஒரு வாரம் படம் இல்லாமல்.

பனங்காட்டான்

கமிட்டிக்காரர்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். புதியதற்குச் சரி சொல்லிவிட்டார்கள், செயலாளர் படம் மட்டும் பட்டையில் முதலில் வரணுமாம். வைத்துவிட்டேன். இதையே 8 அடி, 4 அடி பேனராகவும் கேட்கிறார்கள். போஸ்டர் நெடுக்கு, பேனர் குறுக்கு. இழுத்துவிட்டால் போதுமா?

துணி பேனர் (மீனாட்சிபுரம்)

இழுக்காதீங்கண்ணா, புதுசாக அடுக்கணும். குறுக்குச் சட்டகத்தில் வீரர் ஒரு ஓரத்தில் முழு உயரத்துக்கு, தலைப்பு மிச்ச அகலத்துக்கு, நாளும் மைதானமும் அடியில் ஒரே வரி. 14 படப் பட்டையைப் பேனரில் வைத்தால் முகம் தெரியாது, அவர்களிடம் சொல்லிப் போஸ்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்து அளவுக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்தடித் தூரத்துக்கு ஒரு அங்குல உயரம். ரோட்டு வளைவில் அறுபதடிக்கு முன்னால் படிக்கணும் என்றால் நாளும் இடமும் ஆறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

2019-ல் கேரள அரசு பிவிசி ஃப்ளெக்ஸுக்குத் தடை போட்டதிலிருந்து இந்தப் பக்கம் நான் காட்டன் துணியில்தான் அடிக்கிறேன். துணியில் மை கொஞ்சம் பரவும், நிறம் ஸ்கிரீனில் பார்த்ததைவிட மங்கும். உங்கள் கருநீலத்தை அப்படியே அடித்தால் கறுப்பாகத் தெரியலாம், ஒரு படி வெளிச்சமாக்குங்கள். மெல்லிய எழுத்துரு வேண்டாம். நான்கு பக்கமும் மடித்துத் தைத்து ரிங் அடிப்போம், அதனால் ஓரத்திலிருந்து மூன்று அங்குலத்துக்குள் எழுத்து எதுவும் வரக்கூடாது, பின்னணி மட்டும் ஓடட்டும். ஃபைல் முழு அளவில் 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளி) போதும், சிஎம்ஒய்கே-யில் (அச்சு மைக்கான நிறமுறையில்) அனுப்புங்கள். தலைப்பில் ஒரு துண்டும் வீரர் முகத்தில் ஒரு துண்டும் முதலில் சாம்பிள் அடித்துத் தருகிறேன். நிறத்தை அதில் பார்த்து முடிவு செய்யலாம்.

பனங்காட்டான்

சரிங்கண்ணா, குறுக்கு அளவுக்குக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் ஃபைல் அனுப்புகிறேன்.